ஒச்சம்மாள் கொளுத்திய ஒரு பிடி வேஸ்ட்

உங்கள் தலைக்கு மேலே இருக்கிற கூரைக்குள் என்ன அடைத்திருக்கிறார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? வர்ணம் என்ன, விளக்கு எத்தனை, ஈசானி மூலை சரியாக இருக்கிறதா என்று ஆயிரம் கேட்டிருப்பீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டவள் ஒருத்தி திருப்பூரில் இருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தலையில் சும்மாடு வைத்துப் பலகை சுமக்கிற சித்தாள். பெயர் ஒச்சம்மாள். கேட்ட குற்றத்துக்கு அவளுக்குக் கிடைத்த பட்டம், அபசகுனம் பிடித்தவள்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் வீரணனோடு பஸ் ஏறி வந்தவள் அவள். சாயப்பட்டறை வேலை போனதும் வீரணன் ஊருக்குத் திரும்பி ஆடு மேய்க்கப் போய்விட்டான். ஒச்சம்மாள் திரும்பவில்லை. அவளுக்கு வேஸ்ட் குடோனில் வேலை இருந்தது.

வேஸ்ட் என்றால் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும் மேசையிலிருந்து விழுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாகக் குடோனுக்கு வரும். வெள்ளை தனி, கலர் தனி, சுத்தமான பருத்தி தனி, கலப்படம் தனி என்று பிரிக்க வேண்டும். கையால் தொட்டே சொல்லிவிடுவாள் ஒச்சம்மாள். சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவாள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் ஊதினால் பறந்துவிடும். பாலியெஸ்டர் என்றால் சுருண்டு உருகிக் கடுகு போலக் கறுப்பு மணியாக உறைந்துவிடும். பதினாலு வருஷம் இப்படி நூல் நூலாகக் கொளுத்திப் பார்த்ததில் அவளுடைய வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தழும்பேறிக் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற சோதனையை அவள் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்தாள். அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

அந்தக் குடோனில்தான் செல்லத்தாய் செத்தாள். ஒச்சம்மாளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மூட்டைகளுக்குப் பின்னால் சற்றுத் தலைசாய்த்திருந்தாள். எங்கிருந்தோ ஒரு பொறி, ஏதோ ஒரு மூட்டைக்குள். வெளியே சுவாலை தெரியவே இல்லை. உள்ளுக்குள்ளேயே கனன்று கனன்று புகைந்தது. செல்லத்தாயின் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. புகைதான் அவளைக் கொன்றது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து அணைத்துவிட்டுப் போன இரண்டாம் நாள் அதே மூட்டைகள் திரும்பவும் புகைந்தன. ஒச்சம்மாள் அதையும் பார்த்தாள்.

குடோன்காரர் என்ன செய்தார் தெரியுமா? வயரைப் பார்க்க ஆள் கூப்பிடவில்லை. இன்னொரு வாசல் வைக்கவில்லை. இடத்தில் தோஷம் என்று சொல்லி ஐயரைக் கூட்டிவந்து ஹோமம் வளர்த்தார். புகையில் செத்தவளுக்குப் பரிகாரம், அதே இடத்தில் இன்னொரு புகை! அன்றைக்கு வேலையை விட்டவள்தான் ஒச்சம்மாள். குடோன் பக்கம் அதற்குப் பிறகு போகவே இல்லை.

ஆரோக்கியராஜ் என்கிற கூரை மேஸ்திரியின் செட்டில் சித்தாளாகச் சேர்ந்தாள். சிவகங்கைச் சீமைக்காரர், அவளைவிட வயதில் இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். சாய்வுக் கூரை போடுவது அவர்கள் தொழில். முதலில் இரும்புச் சட்டம் ஏறும். சட்டத்தின் மேல் பலகை பரப்பி ஸ்குரூ முடுக்குவார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது அந்தப் பலகைதான். பலகையின் மேல் குறுக்குக் கட்டை அடித்து, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கிற, தீப்பிடிக்காத கல்பஞ்சு மெத்தையை அடைக்க வேண்டும். அதன் மேல் வெள்ளிக் காகிதம் போலப் பளபளக்கிற ஷீட், அதன் மேல் ரீப்பர் கட்டை, கடைசியில் ஓடு. ஓடு ஏறிவிட்டால் நடுவில் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. கூரை வேலையில் ஏமாற்றுகிறவன் ஏமாற்றுவதெல்லாம் அந்த நடுவில்தான்.

போன வருஷம் நல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. கம்பெனி ஹாஸ்டலின் மூன்றாவது மாடியில் தகரக் கூரை. சித்திரை வைகாசியில் அதற்குக் கீழே நாற்பது பெண்கள் வெந்துகொண்டிருந்தார்கள். இங்கே துணி வாங்குகிற வெளிநாட்டு நிறுவனத்தின் ஆட்கள் வந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே மனுஷர் தூங்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். அத்தனை வருஷம் அந்தப் பெண்கள் சொன்னது ஓனர் மகுடேஸ்வரன் காதில் விழவில்லை, தெர்மாமீட்டர் சொன்னது விழுந்தது. தகரத்தைப் பிரித்துவிட்டு ஓட்டுக் கூரை போட ஆரோக்கியராஜைக் கூப்பிட்டார்.

ஒச்சம்மாளுக்குச் சந்தோஷம். அந்த நாற்பது பேரில் ஒருத்தி அவளுடைய தங்கச்சி மகள் அனுசுயா. பத்தொன்பது வயசு, டெய்லர். 'பெரியம்மா, எங்க ரூம்ல வெச்ச தேங்காயெண்ணெ காலையிலேயே சுடுது' என்று போனில் சிரிக்கிறவள். ஒவ்வொரு பலகையையும் அனுசுயாவின் தலைக்கு மேல் நிழல் பிடிப்பது போல நினைத்துத்தான் ஒச்சம்மாள் தூக்கிக் கொடுத்தாள்.

பலகை பரப்பி முடிந்த அன்று, மெத்தைச் சுருள் வர வேண்டிய வண்டியில் மூட்டைகள் வந்தன. ஏற்றுக்கூலிக்காரர் ஒரு மூட்டையை இறக்கியதும் ஒச்சம்மாளுக்கு மூக்கிலேயே தெரிந்துவிட்டது. கட்டிங் வேஸ்ட்.

மகுடேஸ்வரன் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.

"ஏனுங்க மேஸ்திரி, கல்லை உருக்கி நூலாக்குன பஞ்சுன்னு சொன்னீங்களே, அதைய எதுக்குங்க வெளிய வாங்கோணும்? நம்மகிட்டயே பஞ்சு மலையாட்டம் கெடக்குது. தலகாணி, மெத்தை எல்லாம் இதுலதானுங்க அடைக்கறோம். நானே சின்னதுல இந்தத் தலகாணில படுத்து வளந்தவன். சூடே ஏறாதுங்க."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை, கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார். திருப்பூரில் ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதில் வேஸ்ட்டை அடைப்பார்கள். தலையணை, வண்டி சீட், பொம்மை, ஜிம்மில் குத்துகிற மூட்டை, கசிகிற ஜன்னல் இடுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். கைக்குப் பழகிய பொருள் கூரைக்கும் ஏறிவிட்டது. நம்பிக்கை நல்ல மனசோடு வந்தாலும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கை ஆளைக் கொல்லும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

ஆரோக்கியராஜ் தலையைச் சொறிந்தார். "சார், அது வந்து, எரியற சாமான் சார்."

"கூரைக்குள்ள போயி யாருங்க தீ வெக்கப்போறா?"

ஏணியின் பாதியில் நின்ற ஒச்சம்மாள் குனிந்து சொன்னாள்: "வயரு இருக்குல்லங்கய்யா. லைட்டு வயரு, ஃபேன் வயரு எல்லாம் அந்தப் பலகை மேலதான ஓடுது. ஒரு எடத்துல லூசாகிச் சூடானாப் போதும்."

மகுடேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். "ஏனம்மா, நீயென்ன எலக்ட்ரிகல் இன்ஜினீயரா?"

"இல்லங்கய்யா. வேஸ்ட்டு இன்ஜினீயரு. பதினாலு வருஷ சர்வீஸு."

ஏற்றுக்கூலிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஓனரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கெழமை ஓடு ஏத்த நல்ல நேரம் குறிச்சாச்சுங்க மேஸ்திரி. அதுக்குள்ள அடைச்சு முடிச்சுப்போடுங்க."

அவர் கார் வெளியே போனதும் ஆரோக்கியராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "யக்கா, கொஞ்சம் வாயக் கட்டுக்கா. இந்த வேலை போனா செட்டுல ஆறு பேரும் தெருவுலதான் நிக்கணும்."

"நீ சொல்லு தம்பி. ஒம் மகளைக் கொண்டாந்து இங்கன படுக்க வைப்பியா?"

ஆரோக்கியராஜ் ஸ்குரூ முடுக்குகிற மெஷினை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

மூன்று நாள் அடைத்தார்கள். ஒச்சம்மாளும் அடைத்தாள். அதை அவள் மறைப்பதில்லை. "என் கையாலதான் அடைச்சேன்" என்று முதலில் அதைத்தான் சொல்வாள். அடைக்கும்போதே பழக்கதோஷத்தில் பத்து நூல் உருவி, கீழே மணல்மேட்டுப் பக்கம் போய்க் கொளுத்திப் பார்த்தாள். நாலு சாம்பலாகப் பறந்தது. ஆறு உருகிக் கறுப்பு மணியானது. பருத்தி கனன்று புகையும், பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். சொட்டினால் எங்கே சொட்டும்? பலகை இடுக்கு வழியாக, கீழே கட்டிலில் படுத்திருப்பவள் மேல்.

வாயால் சொல்லிப் பயனில்லை, கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஹாஸ்டல் முற்றத்தில் பூஜைச் சாமான்கள் பரப்பியிருந்தன. ஓனரின் அப்பா ஆத்தப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷிப்டு மாற்றத்தில் பெண்களெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். மூலையில் மணல்மேட்டின் மேல் ஒச்சம்மாள் ஒரு சின்னக் கூரை கட்டினாள். கீழே ஒரு துண்டுப் பலகை, நாலு பக்கமும் செங்கல், நடுவில் கூரைக்குள் அடைத்த அதே வேஸ்ட். பூஜைத் தட்டிலிருந்து புகைந்துகொண்டிருந்த ஓர் ஊதுவத்தியை எடுத்து வந்து, கங்கு உள்ளே போகும்படி செருகி, இன்னொரு பலகையால் மூடினாள்.

"என்னக்கா பண்ற?" ஆரோக்கியராஜ் ஓடிவந்தார்.

"பேசாம நில்லு தம்பி. ஓனரய்யாவும் வரட்டும்."

மகுடேஸ்வரன் வந்து நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. அஞ்சு நிமிஷம் போயிற்று. பெண்கள் கிசுகிசுத்தார்கள். "அணைஞ்சுபோச்சுக்கா, வா" என்றார் ஆரோக்கியராஜ். அப்போது செங்கல் இடுக்கில் நூல் போல ஒரு புகை எழுந்தது. நூல் கயிறாயிற்று. நாற்றம் தொண்டையைப் பிடித்தது. முன்வரிசையில் நின்ற பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினார்கள். பத்து நிமிஷம் கழிந்து ஒச்சம்மாள் மேல்பலகையைத் தூக்கினாள். உள்ளே ஒரு தேங்காய் அளவுக்குச் சிவப்புக் குழி. காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்து முழங்கால் உயரம் எரிந்தது.

"தீக்குச்சிகூட இல்லங்கய்யா, ஊதுவத்திக் கங்குதான். இதே மேல நடந்தா கீழ படுத்திருக்க பிள்ளைக பொகையைப் பாக்கும்போது..."

அவள் முடிக்கவில்லை. ஆத்தப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அட சாமி, அபசகுனம் புடிச்சவ! நல்ல காரியத்துக்கு முன்னால தீப்புடிக்க வெச்சுப்போட்டாளே! எவன்யா இவளை உள்ள உட்டது?"

மகுடேஸ்வரனின் முகம் மாறியது. ஒரு நிமிஷம் முன்னால் அவர் அந்தச் சிவப்புக் குழியைத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எல்லோரும் பார்த்தார்கள். அப்பாவின் வாயிலிருந்து சகுனம் என்ற சொல் வந்ததும் குழி மறைந்துவிட்டது, சகுனம்தான் தெரிந்தது. "தண்ணியக் கொட்டுங்கப்பா" என்று கத்தினார். ஒரு குடம் ஊற்றினார்கள். தீ அடங்கியது.

"பாத்தியாம்மா? ஒரு கொடத்துல அடங்கிப்போச்சு. இதுக்கு இத்தனை கூப்பாடா?"

"அடங்கலீங்கய்யா. அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்க, திரும்பப் பொகையும்."

அரை மணி நேரம் பொறுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நல்ல நேரம் முடிந்துவிடும் அல்லவா! தோஷம் கழிய மணல்மேட்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஒச்சம்மாளைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். பிறகு என்ன செய்தார்கள்? முதல் ஓட்டுக்கு மஞ்சள் பூசி, அதன் மேல் கற்பூரம் ஏற்றி, வேஸ்ட் அடைத்த அதே கூரையின் மேல் கொண்டுபோய் வைத்தார்கள். சித்தாள் கையில் ஊதுவத்தி அபசகுனம், கூரை மேல் கற்பூரம் மங்களம். இதற்குப் பெயர் பக்தி என்றால் அந்தப் பக்தி யாரைக் காப்பாற்றும்?

எல்லோரும் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மணல்மேடு மறுபடியும் புகைந்தது. ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்தாள், அனுசுயா.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பெண்களைக் கடைக்குப் போக மூன்று மணி நேரம் வெளியே விடுவார்கள். ஓடு ஏறி முடிந்து பெண்கள் மாடிக்குத் திரும்பிய வாரம், அந்த மூன்று மணி நேரத்தில் அனுசுயா பதினாறு பேரைப் பெரியம்மாவின் லைன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பின்பக்கத்துக் காலி மனையில் ஒச்சம்மாள் செங்கல்லையும் பலகையையும் எடுத்துப்போட்டாள். கட்டிங் மேசையடியில் கிடந்த வேஸ்ட்டில் ஒரு பை அனுசுயாவே கொண்டுவந்திருந்தாள்.

"நான் செய்ய மாட்டேன். நீங்களே செய்ங்க. நான் ஏதோ மாயம் பண்ணிட்டேன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

அவர்களே செய்தார்கள். அவர்களே பலகையைத் தூக்கினார்கள். அவர்களே தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார்கள். புகைந்தது. ஒருத்தி, "ஆத்தாடி, அப்ப அவங்க சொன்னதுதான் பொய்யி" என்றாள். அவ்வளவுதான். பதினாறு பேரும் மற்றவர்களிடம் போய்ச் சொல்ல, அன்றைக்கே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நாற்பது பேரும் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் வந்து படுத்துவிட்டார்கள்.

வார்டன் மிரட்டினாள். ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் போன் பறந்தது. 'உங்க பொண்ணு போக்கு சரியில்லை, ஞாயித்துக்கெழமை எங்கயோ போயிட்டு வருது.' ஒரு பெண் கேள்வி கேட்டால் அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றி வதந்தி கிளப்புவது இந்த நாட்டில் கூரையைவிடப் பழைய தொழில். அனுசுயாவின் அம்மா போனில் அழுதாள். அனுசுயா, "எம் போக்கு சரியாத்தாம்மா இருக்கு, கூரைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பன்னிரண்டு நாள் அசையவில்லை அவர்கள்.

பதின்மூன்றாம் நாள் கம்பெனி தோற்றுப்போயிருக்கும் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? கம்பெனி கீழ்த்தளத்தில் பழைய ஸ்டோர் அறைகளை ஒழித்து அந்த நாற்பது பேருக்குக் கொடுத்துவிட்டது. ஜார்க்கண்டிலிருந்து புதிதாக முப்பத்திரண்டு பெண்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களை மூன்றாவது மாடியில் படுக்க வைத்தார்கள். வெளிநாட்டு ஆட்கள் திரும்ப வந்தார்கள், தெர்மாமீட்டர் வைத்தார்கள், சூடு குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள், ஓட்டுக் கூரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சுவரில் தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று பார்த்து டிக் போட்டார்கள். சூட்டைத் தடுக்கிற பொருள் எது என்று ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அனுசுயா எழுதிக்கொடுக்க, ஒச்சம்மாள் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டுக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். ரசீது வந்தது. ஆள் வரவில்லை.

ஆரோக்கியராஜ் அவளைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இப்போது பல்லடம் பக்கம் ஒரு வீட்டுக்குச் சாய்வுக் கூரை நடக்கிறது. அங்கே முதல் நாளே வீட்டுக்காரரிடம் ஆரோக்கியராஜ், "வேஸ்ட் அடைக்கணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க சார்" என்று சொன்னாராம். ஏணியில் நின்ற ஒச்சம்மாள் திரும்பிப் பார்க்காமல், "இதை நல்லூர்ல சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றாளாம். அவர் அடுத்த பலகைக்கு ஸ்குரூ முடுக்கப் போய்விட்டாராம்.

கம்பெனிக் கேட்டில் ஒச்சம்மாளை உள்ளே விடுவதில்லை. அனுசுயா சினிமாவில் கேட்டுப் பொறுக்கிய இரண்டு இந்திச் சொற்களை வைத்துக்கொண்டு மேலே விரலைக் காட்டி, "ஊப்பர், ஆக்" என்கிறாள். மேலே, தீ. ஜார்க்கண்ட் பெண்கள் சிரிக்கிறார்கள். வெயிலைச் சொல்கிறாள் என்று நினைக்கிறார்கள். ஊதுவத்தி காட்டிப் புரியவைக்கலாம் என்றால் உள்ளே தீப்பெட்டிக்குத் தடை. கூரைக்குள் வேஸ்ட் இருக்கலாம், பையில் தீக்குச்சி இருக்கக் கூடாது! ஒச்சம்மாளுக்கு இப்போது அனுசுயாவைப் பற்றிப் பயமில்லை. "அந்த முப்பத்திரண்டு பிள்ளைகளோட பேருகூட எனக்குத் தெரியாது. ஆனா அதுக தலைக்கு மேல இருக்கறது என் கையால அடைச்சது" என்கிறாள்.

இனி அவள் மட்டும் பேசி ஆகப்போவதில்லை. உங்கள் தெருவிலும் ஹாஸ்டல் இருக்கும், கம்பெனி இருக்கும், பலகை அடித்த கூரைக்குக் கீழே யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த வாரமே போங்கள். ஒரே ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதில் ஒரு நூலை உருவிக் கொண்டுவந்து வெட்டவெளியில் கொளுத்திப் பாருங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அந்தப் பதிலை எழுத்தில் கேட்டு வாங்கி, நாலு பேர் சேர்ந்து மனுப் போடுங்கள். இந்தி தெரிந்தவராக இருந்தால் கேட்டுக்கு வெளியே நின்று, ஷிப்டு முடிந்து வருகிற பெண்களிடம் அவர்கள் மொழியில் சொல்லுங்கள், மேலே என்ன இருக்கிறது என்று.